பழைய சென்னைப் படத்தில் இருப்பது எந்த இடம்?

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு படம் இருக்கிறது. தாத்தாவின் அண்ணன் வேட்டியும் கோட்டும் தலைப்பாகையுமாக ஓர் அகலமான சாலையோரம் நிற்கிறார். அவருக்குச் சற்று முன்னால் தரையோடு தரையாக இரண்டு தண்டவாளக் கோடுகள். தூரத்தில் இடப்பக்கம் ஒரு வெள்ளை மணிக்கூண்டு. அதற்கு வலப்பக்கம், கருமையாக, சரிவுக் கூரை போட்ட ஒரு சதுரக் கோபுரம். படத்தின் பின்புறம் “மவுண்ட் ரோடு, மதராஸ்” என்று நீல மையில் எழுதியிருக்கிறது. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் அது மவுண்ட் ரோடு படம்.

ஆனால் அது மவுண்ட் ரோடு அல்ல. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. எப்படிப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் யாரும் செய்யக்கூடிய வேலை இது.

அதை இங்கே விளக்கமாக எழுதக் காரணம் உண்டு. பழைய நகரப் படங்கள் இன்று கைப்பேசிக்குக் கைப்பேசி பறக்கின்றன. “1900-இல் சென்னை” என்று வருகிற படத்தில் ரிப்பன் கட்டடம் நிற்கிறது. அந்தக் கட்டடம் திறக்கப்பட்டதோ 1913-இல். தவறான பெயரும் தவறான ஆண்டும் ஒட்டிக்கொண்டு ஒரு படம் ஆயிரம் பேரிடம் போனபின், உண்மையைச் சொல்பவர்தான் தவறு செய்தவர்போல ஆகிவிடுகிறார். இதில் பொழுதுபோக்கைத் தாண்டிய ஒரு நட்டமும் இருக்கிறது. ஒரு பழைய கட்டடத்தை இடிக்காமல் காப்பாற்ற வேண்டிய நேரத்தில், அல்லது சிதைந்ததைச் சரிசெய்ய வேண்டிய நேரத்தில், பல சமயம் கையில் இருக்கும் ஒரே சாட்சி ஒரு பழைய படம்தான். அந்தச் சாட்சியின் பெயரும் ஊரும் தப்பாக இருந்தால் எதற்கு உதவும்?

ஒத்துப்போவதும் அடையாளம் காண்பதும்

கல்யாணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வரிசையில் முகம் தெளிவில்லாத ஒருவர். “சின்ன மாமா மாதிரி இருக்கிறாரே” என்று ஒருவர் சொல்வார். அது சாயல். “பெரிய அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில், மாப்பிள்ளைக்கு நேர் பின்னால் நின்றது யார்?” என்று பாட்டி கேட்பார். அது அடையாளம். பாட்டி முகத்தைப் பார்க்கவில்லை, யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைப் பார்க்கிறார். இடம் கண்டுபிடிப்பதும் இப்படித்தான்.

சாயலை நம்பினால் சென்னையில் நிச்சயம் ஏமாறுவோம். செங்கல் சுவர், வளைவுகள், குவிமாடம் என்று இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகளைக் கலந்து ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய பாணிக்கு இந்தோ-சாரசனிக் என்று பெயர். அந்தப் பாணியில் கட்டியவர்கள் சிலரே. அவர்கள் பல ஊர்களில் கட்டினார்கள். எழும்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஹென்றி இர்வின்தான் மைசூர் அரண்மனையையும் வடிவமைத்தார். மாநிலக் கல்லூரியையும் பல்கலைக்கழக செனட் மண்டபத்தையும் நமக்குத் தந்த ராபர்ட் சிஷோல்ம், பரோடாவின் லட்சுமி விலாஸ் அரண்மனையிலும் வேலை செய்தார். ஒரே கையெழுத்து பல ஊர்களில் கிடக்கும்போது, குவிமாடத்தைப் பார்த்தவுடன் “இது நம் உயர் நீதிமன்றம்” என்று சொல்வது பாட்டி செய்யாத தவறு.

எது நகராது?

பழைய படத்தைப் பார்க்கும்போது கண் முதலில் போவது மனிதர்களிடம். பிறகு வண்டிகளிடமும் கடைப் பலகைகளிடமும் போகும். இவையெல்லாம் நகர்பவை, மாறுபவை. காலத்தைச் சொல்ல இவை உதவும். இடத்தைச் சொல்ல இவற்றை முழுதாக நம்ப முடியாது. ஒரே பெயரில் கடை மூன்று தெருக்களில் இருந்திருக்கலாம்.

எளிதில் நகராதவை வேறு: சாலையின் வளைவு, தெருமுனையின் கோணம், பாலம், கோயில் கோபுரம், தேவாலயக் கூம்பு, தரை ஏறி இறங்கும் விதம். சென்னை தட்டையான ஊர் என்பதால் தூரத்துக் கோபுரங்கள்தான் நமக்குப் பெரிய துணை. மலையூர்களில் மலைமுகடு செய்கிற வேலையை இங்கே மணிக்கூண்டுகளும் கலங்கரை விளக்கங்களும் செய்கின்றன.

இன்னொரு பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தின் கீழ்த்தளத்தைப் பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். கீழ்த்தளம் கடைக்காரர்கள் கையில் இருக்கிறது. தகடு அடிப்பார்கள், கண்ணாடி போடுவார்கள், ஷட்டர் மாட்டுவார்கள். இரண்டாம் தளத்துக்கு மேல் யாரும் செலவு செய்வதில்லை. ஜார்ஜ் டவுனில் தலையை நிமிர்த்தி நடந்தால், விளம்பரப் பலகைகளுக்கு மேலே நூறாண்டு பழைய கைப்பிடிச் சுவர்களும் சுதை வேலைப்பாடுகளும் சன்னல் வளைவுகளும் இன்னும் இருக்கின்றன. பழைய படத்தில் நீங்கள் தேட வேண்டிய கைரேகை அங்கேதான் உள்ளது.

சுருக்கமாக: சாயலை விட்டு அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும், நகர்பவற்றை ஒதுக்கி நகராதவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நின்ற இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கோபுரங்கள்

இப்போது உண்மையான கருவிக்கு வருவோம். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து போகும்போது சாலையோரப் புளியமரங்கள் வேகமாகப் பின்னால் ஓடும். தூரத்துப் பனைமரங்கள் மெல்ல நகரும். அடிவானத்துக் குன்று அசையாது. பார்ப்பவர் நகர்ந்தால், அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒன்றுக்கொன்று இடம் மாறித் தோன்றும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். கட்டைவிரலை முகத்துக்கு முன் நீட்டி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் தாவும், பின்சுவர் தாவாது. அதே விஷயம்தான்.

ஒரு படத்தில் வெள்ளை மணிக்கூண்டின் வலது விளிம்பும் சதுரக் கோபுரத்தின் இடது விளிம்பும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு தெரிகின்றன என்று வையுங்கள். தரையில் அந்த இரு கோபுரங்களும் நிற்கும் புள்ளிகள் நமக்குத் தெரியும். வரைபடத்தில் அந்த இரு விளிம்புகளையும் தொட்டு ஒரு கோடு இழுத்து நீட்டினால், படம் எடுத்தவர் அந்தக் கோட்டின் மேல் எங்கோதான் நின்றிருக்க வேண்டும். கோட்டை விட்டுப் பத்தடி விலகினாலும் கோபுரங்களுக்கு நடுவே இடைவெளி விழும், அல்லது ஒன்று மற்றொன்றை மறைக்கும். படத்திலேயே இன்னொரு சோடி கிடைத்தால், உதாரணமாக ஒரு விளக்குக் கம்பமும் அதன் பின்னே தெரியும் ஒரு கட்டட மூலையும், இரண்டாவது கோடு இழுக்கலாம். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியில்தான் கேமராவின் முக்காலி நின்றது.

இதை முதன்முறை செய்து பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பெயர் தெரியாத ஒரு படக்காரர் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எந்தக் கல்லின் மேல் முக்காலியை ஊன்றினார் என்பதைச் சில அடித் துல்லியத்தில் சொல்ல முடிகிறது. அவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை, நின்ற இடம் மட்டும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கிறது.

அந்தப் புள்ளிக்கு நேரில் போய், அதே உயரத்தில், அதே திசையில் இன்று ஒரு படம் எடுப்பதை மறுபடப்பிடிப்பு என்பார்கள். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் எது போனது, எது மிஞ்சியது, எது ஒட்டுப்போடப்பட்டது என்று பட்டியல் போடலாம்.

எங்கள் வீட்டுப் படத்துக்கு இதைப் பொருத்தினேன். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் வடபுறத்தில் விக்டோரியா பொது அரங்கம் இருக்கிறது. அதற்கும் மேற்கே ரிப்பன் கட்டடம். சாலையில் வடக்குப் பார்த்து நின்றால் இடப்பக்கம் ரிப்பனின் வெள்ளை மணிக்கூண்டும் வலப்பக்கம் அரங்கத்தின் செங்கல் கோபுரமும் வரும். பெரிய தாத்தாவின் தோளுக்குப் பின்னால் தெரிவது இதே வரிசை. மவுண்ட் ரோட்டின் எந்த முனையில் நின்றாலும் இந்த வரிசை கிடைக்காது.

பின்னே ஏன் “மவுண்ட் ரோடு” என்று எழுதியிருந்தது? எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். பெரிய தாத்தா கடைசிவரை மைப்பேனாவில்தான் எழுதினார். அவருடைய கடிதங்களில் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும். படத்தின் பின்னால் இருந்த எழுத்து ஒரே தடிமனில் ஓடியது, வளைவுகளில் சிறு மைத்திட்டுகளோடு. அது பால்பாயின்ட் பேனா. பல ஆண்டுகள் கழித்து, வெளியூரில் வளர்ந்த யாரோ, மதராஸில் தனக்குத் தெரிந்த ஒரே பெரிய சாலையின் பெயரை எழுதியிருக்க வேண்டும். குறிப்பும் ஒரு சாட்சிதான். அது எப்போது வந்த சாட்சி என்று கேட்காமல் அதை நம்பக்கூடாது.

காலத்தை இரு பக்கமும் நெருக்குவது

இடம் தெரிந்தபின் ஆண்டு. “சுமார் 1930” என்று குத்துமதிப்பாகச் சொல்வதைவிட நல்ல வழி உண்டு. படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் “எனக்கு முன்னால் இல்லை” அல்லது “எனக்குப் பின்னால் இல்லை” என்று ஒரு எல்லை போடும். முதலாவதை முன்னெல்லை என்றும் இரண்டாவதைப் பின்னெல்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

எங்கள் படத்தில் ரிப்பன் கட்டடம் முழுதாக நிற்கிறது. எனவே முன்னெல்லை 1913. தரையில் இருப்பது டிராம் தண்டவாளம்; தலைக்கு மேல் மின்கம்பியும் தெரிகிறது. இந்தியாவிலேயே முதலாவதான மின்சார டிராம் மதராஸில் 1895-இல் ஓடத் தொடங்கி, 1953 ஏப்ரலில் நின்றது. எனவே பின்னெல்லை ஏறக்குறைய 1953. நாற்பது ஆண்டு இடைவெளி பெரிதுதான். உடை, வண்டி, விளம்பரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அதை மேலும் நெருக்க வேண்டும்.

சென்னைப் படங்களுக்குப் பயன்படும் சில எல்லைகளைச் சொல்கிறேன். கடற்கரைப் பக்கம் உயர் நீதிமன்றம் தெரிந்தால், அது 1892-இல் திறக்கப்பட்ட கட்டடம். அதன் உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் கலங்கரை விளக்கு எரிந்தது. அதே வளாகத்தில் தனியாக நிற்கும் உருண்டைத் தூண் அதற்கும் முந்தையது, 1844-இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சென்ட்ரல் நிலையம் 1873-இல் எழுந்தது. இன்று நாம் காணும் மணிக்கோபுரத் தோற்றம் 1900-இல்தான் முழுமை பெற்றது. அதனருகே மூர் மார்க்கெட் தெரிந்தால் 1985-க்கு முன். அந்த ஆண்டு மே மாதத் தீயில் அது போய்விட்டது. மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் தலைகாட்டினால் 1959 அல்லது அதை ஒட்டிய காலம். அதே சாலையில், 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலை நின்றால் 1937-க்கு முன்; மக்கள் போராட்டத்துக்குப் பின் அந்த ஆண்டு அதை அகற்றினார்கள். கூரையில் மங்களூர் ஓடு இருந்தால் 1865-க்குப் பின்தான். அந்த ஓட்டை பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறித்தவச் சபையின் ஆலை தயாரிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

நிழலும் பேசும். வடக்குப் பார்த்து எடுத்த படத்தில் நிழல் வலப்பக்கம் விழுந்தால் (எங்கள் படத்தில் அப்படித்தான்) பிற்பகல், இடப்பக்கம் விழுந்தால் முற்பகல். இதற்கு மேலும் நம் ஊருக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்குப் பார்த்த கட்டட முகப்பில் நண்பகல் வெயில் படாது. ரிப்பன் கட்டடத்தின் முகப்பு ஏறக்குறைய தெற்குப் பார்த்தது. அதில் உச்சிவேளை வெயில் பளிச்சென்று அடித்தால் அந்தப் படம் ஜூன் மாதத்தில் எடுத்ததாக இருக்க முடியாது. ஐரோப்பியருக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகள் “நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே” என்று சொல்லும். நமக்கு அது பொருந்தாது.

சுருக்கமாக: ஒவ்வொரு பொருளும் ஒரு எல்லை. முன்னெல்லைகளில் மிகப் பிந்தியதையும் பின்னெல்லைகளில் மிக முந்தியதையும் எடுத்தால், படம் அந்த இரண்டுக்கும் நடுவில்.

படங்கள் எங்கே ஏமாற்றுகின்றன

புகைப்படம் பொய் சொல்லாது என்று நம்புவது பெரிய தவறு. மூன்று இடங்களில் தவறாமல் கால் இடறும்.

முதலாவது, இடவலம் மாறுவது. அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் படம் பதிவாகும். அந்தத் தகட்டைத் திருப்பிப் போட்டு அச்சிட்டாலோ ஸ்கேன் செய்தாலோ முழுக் காட்சியும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டுவிடும். எங்கள் படத்தில் ரிப்பன் வலப்பக்கம் வந்திருந்தால் நான் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சோதிக்கும் வழி எளிது: எழுத்துகளைப் பாருங்கள், கடிகார முள்ளைப் பாருங்கள், வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகின்றனவா என்று பாருங்கள், பெண்களின் முந்தானை எந்தத் தோளில் என்று பாருங்கள்.

இரண்டாவது, வெறிச்சோடிய தெரு. “அந்தக் காலத்தில் கூட்டமே இல்லை, எவ்வளவு அமைதி” என்று பெருமூச்சு விடுகிறோம். தொடக்ககாலப் படங்களுக்கு ஒளி பல விநாடிகள், சில சமயம் நிமிடக் கணக்கில் தேவைப்பட்டது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படக்காரர் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களைக் கொண்டுபோய் எடுத்த படங்களில் கோயில் வெளிகள் ஆளரவமற்றுக் கிடக்கின்றன. அசையாமல் நின்ற கல் மட்டும் பதிந்தது. நடந்து போனவர்கள் பதியாமலே கரைந்துபோனார்கள். உற்றுப் பார்த்தால் சில படங்களில் புகைபோல ஒரு கறை தெரியும். அது நடந்துகொண்டிருந்த ஒரு மனிதர்.

மூன்றாவது, நிறம். இப்போது கணினி தானாகவே நிறமேற்றித் தருகிறது. பழைய தகடுகளால் சிவப்பு ஒளியைச் சரியாக உணர முடியாது; செங்கல் சுவர் உண்மையைவிடக் கருமையாக விழும். கணினி அந்தக் கருமையைப் பார்த்துச் சாம்பல் பூசும், பழுப்பு பூசும். நிறமாவது பரவாயில்லை. படத்தைத் “தெளிவாக்கும்” செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கலான சன்னல்களையும் பலகை எழுத்துகளையும் தாமாகவே புனைந்து நிரப்புகின்றன. இல்லாத வளைவு ஒன்று அங்கே முளைத்துவிட்டால், நாளை ஒருவர் அதை நம்பி ஒரு கட்டடத்தைச் சரிசெய்யப் போவார். இடம் காணும் வேலைக்கு எப்போதும் மூலப்படத்தையே தேடுங்கள். மங்கலாக இருந்தாலும் அதில் இருப்பது உண்மையாக அங்கிருந்த ஒளி.

கடல் எங்கே போனது?

சென்னைப் படங்களைப் பார்ப்பவர்களை அதிகம் திகைக்க வைப்பது இதுதான். பாரிமுனைக்குப் பக்கத்தில் கடற்கரைச் சாலை. சாலையை ஒட்டினாற்போல் அலை அடிக்கிறது. மணலில், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள். “இது சென்னையாக இருக்க முடியாது, தலைமை அஞ்சலகத்துக்கு எதிரே கடல் எப்படி?” என்று கேட்பார்கள்.

சென்னைதான். நகராதவற்றைத் தேடுங்கள் என்று மேலே சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு இந்தக் கடல். நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலையும் நீரோட்டமும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. 1870-களின் நடுவில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கினார்கள். ஓடும் வாய்க்காலில் குறுக்கே ஒரு பலகை வைத்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் வண்டல் சேரும், மறு பக்கம் கரை அரிக்கும். துறைமுகத்தின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. அங்கே இன்று கரையோரம் குவித்திருக்கும் கருங்கற்கள் அதன் விளைவு. பாரிமுனைப் பக்கக் கடற்கரைச் சாலைக்கு எதிரே இருந்த கடல், துறைமுகத்துக்குள் அடங்கிப் பின்வாங்கியது. ஆக, சாலையோரம் அலை தெரியும் படம் துறைமுகத்துக்கு முந்தியது அல்லது அதன் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தது. திகைக்க வைத்த கடலே காலத்தையும் சொல்லிவிடுகிறது.

தெருவுக்கு எத்தனை பெயர்

படத்தோடு வரும் ஆங்கிலக் குறிப்பில் தெருப்பெயர் இருந்தாலும் இன்றைய வரைபடத்தில் அது கிடைக்காமல் போகலாம். மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனது எல்லோருக்கும் தெரியும். மௌப்ரேஸ் ரோடு இன்று டி.டி.கே. சாலை. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலை. லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை. பாப்ஹாம்ஸ் பிராட்வே பிரகாசம் சாலை. பெயர் மாற்றமும் ஒரு எல்லைக்கல்தான்: கறுப்பர் நகரம் என்று ஆங்கிலேயர் அழைத்த பகுதி 1906-இல் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. அஞ்சலட்டையில் “ஜார்ஜ் டவுன்” என்று அச்சிட்டிருந்தால் அட்டை அதற்குப் பின் அச்சானது. படமோ அதற்கும் பழையதாக இருக்கலாம்; பழைய தகட்டையே ஆண்டுக்கணக்கில் அச்சிட்டு விற்றார்கள்.

கடைப் பலகையில் பெயர் படிக்க முடிந்தால், அந்தக்கால விலாசப் புத்தகங்கள் கைகொடுக்கும். அசைலம் பிரஸ் ஆண்டுதோறும் வெளியிட்ட மதராஸ் பஞ்சாங்கக் கையேட்டில் வணிகர்களும் தெருக்களும் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. எழும்பூர் ஆவணக் காப்பகமும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இப்படிப்பட்ட தேடலுக்குப் போக வேண்டிய இடங்கள்.

இதற்கும் கட்டடம் காப்பதற்கும் என்ன உறவு?

மரபுக் கட்டடத்தைக் “காப்பது” என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன. இருப்பதை மேலும் சிதையாமல் நிறுத்துவது பாதுகாத்தல். பிற்காலத்தில் ஒட்டியதை நீக்கி, இழந்ததைச் சான்றோடு திரும்பக் கொண்டுவருவது மீட்டமைத்தல். பளபளவென்று ஆக்குவது புதுப்பித்தல். மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான் நல்லெண்ணத்தோடே பல கட்டடங்களைக் கெடுத்துவிடுகிறோம்.

மீட்டமைத்தலின் உயிர் “சான்றோடு” என்ற சொல்லில் இருக்கிறது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் விழுந்துவிட்டது. அதில் எத்தனை தூண்கள், எந்த வடிவம்? வராந்தாவைச் செங்கல் வைத்து அடைத்து அறையாக்கிவிட்டார்கள். முதலில் அங்கே வளைவு இருந்ததா, மர உத்தரமா? வரைபடங்கள் கிடைக்காதபோது இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியது சரியாக அடையாளம் காணப்பட்ட ஒரு படம். படம் எடுத்த புள்ளி தெரிந்துவிட்டால் அளவுகளைக்கூடக் கணக்கிடலாம்: இன்றும் நிற்கும் ஒரு வாசலின் உயரத்தை நேரில் அளந்து, படத்தில் அதையொட்டி நிற்கும், இன்று இல்லாத தூணின் உயரத்தை விகிதத்தில் கண்டுபிடிக்கலாம்.

ஆனால் படம் சொல்லாததும் உண்டு. அது தோற்றத்தைக் காட்டும், பொருளைக் காட்டாது. பழைய சென்னைக் கட்டடங்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் வெல்லமும் முட்டை வெண்கருவும் சேர்த்து, பளிங்குபோல் மெருகேற்றினார்கள். மதராஸ் சுண்ணம் என்று வெளிநாட்டுப் பயணிகள் வியந்தது அதைத்தான். படத்தில் அது வெறும் வெள்ளைச் சுவர். இன்று அதே தோற்றம் வரட்டும் என்று மேலே சிமென்ட் பூசினால், புழுக்கமான நாளில் பருத்தி வேட்டியைக் கழற்றிவிட்டு மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டதுபோல ஆகும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைக்கும். சில மழைக்காலங்களில் உள்ளிருக்கும் செங்கல் மாவாக உதிரத் தொடங்கும். சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீயில் சிதைந்தபோது, இனி அவ்வளவுதான் என்று பலரும் நினைத்தோம். பொதுப்பணித் துறை பழைய முறையில் சுண்ணாம்புக் காரையைக் கொண்டே அதை மீட்டெடுத்தது. முடியும் என்பதற்கு அது கண்முன் நிற்கும் ஆதாரம்.

நூறு வயதானால் போதுமா?

இன்னொரு பரவலான தவறான எண்ணம்: நூறாண்டு கடந்த கட்டடத்தைச் சட்டம் தானாகவே காக்கும் என்பது. அப்படி இல்லை. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் பழைமையான சின்னங்களைக் காக்கின்றன; ஆனால் அரசு ஒரு கட்டடத்தைப் பெயர் சொல்லி அறிவித்தால்தான் அந்தப் பாதுகாப்பு. நாடு முழுவதும் மத்தியத் தொல்லியல் துறையின் காப்பில் இருப்பவை ஏறத்தாழ 3,700. உங்கள் தெருவில் உள்ள நூற்றிருபது வயது வீடு அவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அறிவிக்கப்படாத கட்டடங்களுக்கு நகர அளவில் மரபுப் பட்டியல் போடுவது ஒரு வழி. சென்னையில் உயர் நீதிமன்றம் நியமித்த குழு நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பட்டியலிட்டது.

பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்ணா சாலையில் ஒரு சாட்சி நிற்கிறது. 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். மரபுப் பாதுகாப்பு அமைப்பினர் நீதிமன்றம் போனார்கள், இடிப்பு நின்றது, 2010-இல் தீர்ப்பும் கட்டடத்துக்குச் சாதகமாக வந்தது. அந்தக் கட்டடம் இன்னும் நல்ல நிலைக்குத் திரும்பவில்லை என்பது மனத்தை உறுத்துகிறது. இடிக்கத் தடை என்பது பாதி வேலைதான்.

பட்டியலில் சேர்க்க ஒருவர் மனுக் கொடுத்தால் அதிகாரிகள் கேட்கும் முதல் கேள்விகள்: எப்போது கட்டியது, மூலவடிவம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? “எங்கள் தாத்தா சொன்னார்” என்பது அங்கே எடுபடாது. முன்னெல்லை, பின்னெல்லை, நின்ற புள்ளி ஆகியவற்றோடு ஒரு பழைய படம், அதே புள்ளியிலிருந்து எடுத்த இன்றைய படம், இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பக்கக் குறிப்பு. இவ்வளவு கையில் இருந்தால் பேச்சே மாறிவிடும்.

உங்கள் வீட்டுப் பெட்டி

பெரிய நிறுவனங்களின் காப்பகங்களில் கோட்டைகளும் நீதிமன்றங்களும் ஏராளமாக இருக்கின்றன. சிந்தாதிரிப்பேட்டைத் திண்ணையோ, ராயபுரத்தில் ஒரு மாடிவீட்டின் படிக்கட்டோ, மயிலாப்பூர் மாட வீதியில் இன்று இல்லாத ஓட்டுக்கூரையோ அங்கே அரிது. அவை குடும்பப் படங்களில்தான் இருக்கின்றன, யாரோ ஒரு மாமாவின் முதுகுக்குப் பின்னால், யாரும் கவனிக்காமல். எனவே மாமாவை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேன் செய்யும்போது ஓரம் வெட்டாமல், அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல், பின்பக்கத்தையும் சேர்த்துச் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, அஞ்சல் முத்திரை, தேய்ந்துபோன ஒரு எண் என எல்லாமே பின்பக்கத்தில்தான் இருக்கும். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் படத்தை இன்றே அவர் கையில் கொடுத்து, “இது எந்த இடம்?” என்று மட்டும் கேட்காமல், “இந்தப் பக்கம் திரும்பினால் என்ன இருக்கும்?” என்றும் கேளுங்கள். பெயர் மறந்துபோனவர்களுக்கும் அக்கம்பக்கம் நினைவிருக்கும்.

எங்கள் படத்தின் பின்னால் இருந்த “மவுண்ட் ரோடு” என்ற எழுத்தை நான் அழிக்கவில்லை. அதை எழுதியவரும் எங்கள் வீட்டார்தான். அவர் என்ன நினைத்தார் என்பதும் படத்தின் கதையில் சேர்ந்தது. அதற்குக் கீழே, மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதினேன்: “பூந்தமல்லி நெடுஞ்சாலை. வடக்குப் பார்த்து. இடம்: ரிப்பன், வலம்: விக்டோரியா அரங்கம். 1913-க்கும் 1953-க்கும் இடையில். பிற்பகல்.” பிறகு எழுதிய நாளையும் என் பெயரையும் சேர்த்தேன்.